இருபத்திரண்டு விநாடி

அம்மருட், ஒஸ்லோ
09.02.2025

அன்பின் யோகராணிக்கு,

இந்தக் கடிதம் வடக்கே போடோவுக்கு வந்து உன் கையில் சேர ஆறு நாளாவது ஆகும். ஒருநாள் விட்டு ஒருநாள் தபால் கொடுக்கிற நாடு தன்னை முன்னேறிய நாடு என்று சொல்லிக்கொள்கிறது. தொலைபேசியில் கதைக்கலாமே என்று ஹரிசன் கேட்கிறான். ரயில் பெட்டி கழுவும் கொட்டகைக்குள் இருபத்தேழு வருடம் நின்றதில் என் காது போய்விட்டது என்பதைப் பெற்ற மகனே மறந்துவிட்டான். நீ சொல்வதில் பாதிதான் எனக்குக் கேட்கும். அந்தப் பாதிக்குப் பதில் சொல்லப்போய்த்தான் போன மாதம் நமக்குள் சண்டை வந்தது. எழுதினால் முழுவதும் கிடைக்கும்.

உன் அக்கா நாயகி போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. ஆட்டைத் திவசம் மே 20, செவ்வாய்க்கிழமை. ஐயருக்குச் சொல்லியாயிற்று. அன்று அவளுடைய கல்வெட்டையும் கொடுப்பேன். முப்பத்தோராம் நாள் கொடுக்கவேண்டிய நினைவுப் புத்தகத்தை ஒரு வருடம் பிந்திக் கொடுக்கிறான் என்று ஆட்கள் கதைப்பது எனக்குத் தெரியும். கதைக்கட்டும். அப்போது அது எழுதி முடியவில்லை. முடியாததை நான் அச்சுக்குக் கொடுப்பதில்லை.

மொத்தம் நூற்றுப் பன்னிரண்டு பக்கம். முதல் ஆறு பக்கம் நாயகியின் படம், வாழ்க்கை, வம்சாவளி. மிச்சம் டீசல் விரைவு ரயிலின் சரித்திரம். 1933 தொடங்கி இன்றுவரை. முப்பது வருடமாக நான் எழுதியது. முதல் மூன்று அத்தியாயத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். தங்கை என்ற முறையில் நீ அரைப் பக்கம் எழுதி, உன்னிடம் உள்ள அவளுடைய இளவயதுப் படம் ஒன்றையும் அனுப்பு. அரைப் பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

சி. ஸ்ரீஸ்கந்தராசா


போடோ
20.02.2025

அன்புள்ள அத்தானுக்கு,

எனக்குக் கதைக்கிற மாதிரித்தான் எழுத வரும். பிழை பிடியாதேங்கோ.

நீங்கள் அனுப்பின தாளுகளை இரண்டு தரம் வாசிச்சன். முதல் தரம் கண்ணாடி போடாததால பிழையாய் விளங்கினதோ எண்டு நினைச்சன். இல்லை. பதினேழாம் பக்கத்தில கழுதை நிக்குது. 1934இல அமெரிக்காவில வெள்ளி மாதிரி மினுங்கிற டீசல் ரயில் ஒண்டு டென்வரில விடிய வெளிக்கிட்டு அண்டைக்கே சிக்காகோ போய்ச் சேந்ததாம். அதில ஒரு கழுதையும் ஏறிப் போனதாம். அதுக்கு ஒரு பேரும் இருந்ததாம்.

என்ரை அக்காவின்ரை கல்வெட்டில கழுதை.

அத்தான், கல்வெட்டெண்டால் நாலு தோத்திரப் பாட்டு, பெற்றார் பிள்ளையள் பேர், பழகின ஆக்கள் எழுதினது. அவ்வளவும்தான் வழக்கம். கோயிலில சனம் கையில வாங்கினவுடன விரிச்சுப் பாக்கும். பாத்துச் சிரிக்கும். உங்களைப் பாத்துச் சிரிச்சால் பரவாயில்லை, நீங்கள் பழகிப்போனீங்கள். படத்தில இருக்கிற அக்காவைப் பாத்தெல்லோ சிரிக்கும்.

ரயிலை எடுங்கோ. எடுத்தால் அரைப் பக்கமில்லை, பத்துப் பக்கம் எழுதித் தாறன். எடுக்காட்டி மே 20 நான் வரமாட்டன். இந்த நாட்டில அவவுக்குக் கூடப்பிறந்தது நான் ஒருத்திதான். அதையும் யோசியுங்கோ.

இவர் பேப்பருக்குப் பின்னால இருக்கிறார்.

காய்ஞ்ச மீன் ஒரு பார்சல் தனிய அனுப்பியிருக்கிறன். கோபம் வேறை, சாப்பாடு வேறை.

யோகராணி


அம்மருட்
01.03.2025

அன்பின் யோகராணிக்கு,

கழுதை உண்மை. அன்றைய பத்திரிகைகளில் படம் இருக்கிறது. உண்மையாக நடந்த ஒன்றை, ஆட்கள் சிரிப்பார்கள் என்பதற்காக நான் எடுக்கமாட்டேன்.

இந்த வீட்டு அலுமாரியில் நாற்பத்தொரு கல்வெட்டு இருக்கிறது. எண்ணிவிட்டுத்தான் எழுதுகிறேன். நாற்பத்தொன்றிலும் அதே பாட்டுகள். உன் அக்கா ஒவ்வொரு முப்பத்தொன்றுக்கும் போய்வந்து, சேலை மாற்றாமல் கதிரையில் இருந்து அதைப் புரட்டுவாள். “எல்லாம் ஒரே புத்தகம்தான். படத்தை மட்டும் மாத்துகினம். என்ரை கல்வெட்டிலையாவது வாசிக்க ஏதாவது போடுங்கோ” என்பாள். விளையாட்டுக்குச் சொன்னாள் என்று நீ சொல்வாய். அவள் விளையாட்டுக்குச் சொன்னது எது, மெய்யாகச் சொன்னது எது என்று நாற்பத்திரண்டு வருடம் கூட இருந்தவனுக்குத் தெரியும்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஜேர்மன் மொழியில் உள்ளதை அகராதியை மடியில் வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் படித்தேன். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவள் பென்சிலோடு வாசித்தாள். “இது விளங்கேல்லை”, “இது காணும்”, “இதை ஆர் கேட்டது” என்று ஓரத்தில் எழுதிவைப்பாள். “இதை ஆர் கேட்டது” என்றால் அந்தப் பத்தி போய்விடும். கழுதைக்குப் பக்கத்தில் அவள் ஒன்றும் எழுதவில்லை. கவனித்துக்கொள்.

2011இல் ஹம்பேர்க்கில் ஒரு கலியாணத்துக்குப் போனோம். கொப்பன்ஹேகனில் ஏறினோம். ஜேர்மன்காரர் மணிக்கு இருநூறு கிலோமீற்றருக்கென்று கட்டிய டீசல் வண்டி. கடற்கரைக்கு வந்ததும் அது தண்டவாளத்தோடு அப்படியே கப்பலின் வயிற்றுக்குள் போய் நின்றது. எல்லோரும் மேல்தளத்துக்குப் போகவேண்டும் என்றார்கள். நான் போகாமல் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் புட்டுப் பார்சலோடு படியில் நின்று, “வாங்கோப்பா, கப்பலுக்குள்ள அது உங்களை விட்டிட்டு எங்கையும் ஓடாது” என்றாள். ஒன்பதாம் அத்தியாயத்தின் முதல் வரியாக அதை வைத்திருக்கிறேன். இந்தப் புத்தகத்தில் அவள் இல்லை என்று யார் சொன்னது?

ரயிலை எடுக்கமாட்டேன்.

மீன் கிடைத்தது. உப்புக் கூட. முடிந்துவிட்டது.

சி. ஸ்ரீஸ்கந்தராசா


போடோ
12.03.2025

அன்புள்ள அத்தானுக்கு,

கப்பல் கதையை வாசிச்சு அழுதிட்டன். அழுதாப்போல விட்டிட்டன் எண்டு நினைக்காதேங்கோ.

ஹரிசனிட்டைக் கேட்டு முழுப் புத்தகத்தையும் கொம்பியூட்டரில எடுத்தனான். அவனைப் பேசாதேங்கோ, நான்தான் வெருட்டினனான். நூற்றுப் பன்னிரண்டு பக்கமும் வாசிச்சன். ஜேர்மன் ரயில் இருக்கு. டென்மார்க் ரயில் இருக்கு. முன்னுக்கு ஒரு இஞ்சின், பின்னுக்கு ஒரு இஞ்சின் பூட்டி இங்கிலாந்தில 1976இல இருந்து இருநூறில ஓடின ரயிலுக்கு இருபத்திரண்டு பக்கம் இருக்கு. ஸ்பெயினில சோதனைக்கு ஓட்டிப்போட்டு நிப்பாட்டினதுகூட இருக்கு.

அக்கா ஏறின ரயில் எங்கை?

2009இல இருந்து 2023 வரைக்கும் ஒவ்வொரு யூலையும் அவ தனிய என்னட்டை வந்தவ. பிளேனில ஒருநாளும் வரேல்லை. ஒஸ்லோவில இருந்து துரொண்ட்ஹைம், ராவைக்கு அங்கை தங்கி, அடுத்த நாள் பத்து மணித்தியாலம் டீசல் ரயிலில போடோ. பதினைஞ்சு வருசம். கால் வீங்கிப்போய் இறங்குவா. அந்த ரயிலைப் பற்றி ஒரு வரி இல்லை. டீசல் ரயிலின்ரை சரித்திரம் எண்டு பேர், நாட்டுக்குள்ள ஓடுற டீசல் ரயில் இல்லை.

சரி, நான் இறங்கி வாறன். கழுதை நிக்கட்டும். எல்லா ரயிலும் நிக்கட்டும். எங்கடை போடோ ரயிலையும் போடுங்கோ. போட்டால் மே 20 வாறன். போடாட்டி இல்லை. இதுக்குமேல இறங்க எனக்குப் படி இல்லை.

யோகராணி


அம்மருட்
23.03.2025

அன்பின் யோகராணிக்கு,

போடமுடியாது. காரணம் சொல்கிறேன்.

1933 மே மாதம் பேர்லினில் இருந்து ஹம்பேர்க்குக்கு இரண்டு பெட்டி கொண்ட டீசல் வண்டி ஒன்று ஓடத் தொடங்கியது. இருநூற்றெண்பத்தாறு கிலோமீற்றரை நூற்றுமுப்பத்தெட்டு நிமிடத்தில் கடந்தது. வழியில் மணிக்கு நூற்றறுபதைத் தொட்டது. மற்ற ரயில்கள் கரி தின்று புகை கக்கிக்கொண்டிருந்த காலம். அந்த நூற்றறுபதுதான் நான் போட்ட கோடு. அதைத் தொட்ட பயணிகள் வண்டி என் சரித்திரத்துக்குள் வரும். தொடாதது வராது. போடோ ரயில் தொடாது. மலையும் வளைவுமாக அது பாதி நேரம் மாட்டுவண்டிபோலப் போகிறது. பத்து மணித்தியாலத்தில் எழுநூற்று இருபத்தொன்பது கிலோமீற்றர். நீயே பிரித்துப் பார்.

பழைய கோபத்தில் அந்த ரயிலை விட்டேன் என்று நீ நினைப்பாய். ஆகையால் அதையும் எழுதிவிடுகிறேன்.

2009இல் உன் மகள் மயூராவின் கலியாண வீடு. உன் மண்டபம், உன் விருந்தாளிகள். ரயில் சரித்திரம் எழுதும் என் கொப்பியை ஒருவர் வாங்கிப் பார்த்துக்கொண்டிருந்தார். உன் கணவர் வரதராசா அவருக்கு என்னை எப்படி அறிமுகம் செய்தார் என்பது உனக்கு நினைவிருக்கும். “இவர் ரயில் கழுவுறவர். இப்ப ரயிலுக்குச் சரித்திரமும் எழுதுறார்.” மேசையில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். நாயகி சிரிக்கவில்லை. அன்று பின்னேரமே நான் புறப்பட்டேன். அதற்குப் பிறகு உங்கள் ஊருக்கு வரவில்லை.

கழுவினேன்தான். ஒவ்வொரு பெட்டியின் அடிவயிற்றையும் கையால் தொட்டவன் சரித்திரம் எழுதக்கூடாது என்று எந்தச் சட்டத்தில் இருக்கிறது?

ஆனால் அதற்காக நான் கோட்டை நகர்த்தவில்லை. உனக்காகவும் நகர்த்தமாட்டேன்.

சி. ஸ்ரீஸ்கந்தராசா


போடோ
10.04.2025

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கடை கடிதத்தை இவரிட்டைக் குடுத்தன். வாசிச்சார். பிறகு வெளியில போய்ப் பனிச் சினோ தள்ளினார். தள்ளின இடத்தையே திரும்பவும் தள்ளினார். உள்ளுக்கு வந்து சப்பாத்தைக் கழட்டாமல் நிண்டுகொண்டு, “நான் அண்டைக்குச் சொன்னது பிழை. எழுதிவிடு” எண்டார். எழுதிவிட்டன். பதினாறு வருசம் பிந்தித்தான். உங்கடை கல்வெட்டும் பிந்தித்தானே வருது.

இனி நான் சொல்லப்போறது அக்காவுக்குச் செய்து குடுத்த சத்தியத்தை முறிக்கிற வேலை. அவ மன்னிப்பா.

இதோட ஒரு சின்னக் கொப்பி வருது. எங்கடை மேல் அறையில, அவ படுக்கிற கட்டிலுக்குக் கீழ லாச்சியில, படுக்கை விரிப்புகளுக்கு அடியில இருந்தது. ஒவ்வொரு வருசமும் வந்தவுடன எடுத்துப் பாத்து எழுதி, திரும்ப அங்கையே வைப்பா. திறந்து பாருங்கோ. இடப்பக்கம் தண்டவாளத்துக்குப் பக்கத்தில நிக்கிற கிலோமீற்றர்ப் பலகையளின்ரை நம்பர். வலப்பக்கம் ஒரு பலகையில இருந்து அடுத்த பலகைக்கு எத்தினை செக்கன். ஜன்னலோரம் இருந்து கைமணிக்கூட்டின்ரை செக்கன் முள்ளைப் பாத்து எண்ணினவ. பதினைஞ்சு வருசம்.

முதல் வருசமே நான் கேட்டன், “உனக்கென்ன விசரோ, வெளியில கடலைப் பாராமல் மணிக்கூட்டைப் பாத்துக்கொண்டு வாறாய்?” எண்டு. அதுக்கு அவ சொன்னது இப்பவும் காதுக்குள்ள நிக்குது.

“அவர் நூற்றறுபது எண்டு ஒரு கோடு போட்டு வைச்சிருக்கிறார். ஒரேயொரு இடத்திலயாவது இந்த ரயில் அதைத் தொட்டால் புத்தகத்தில போட்டே ஆகவேணும். போட்டாரெண்டால் தானே வந்து ஏறிப் பாக்காமல் விடமாட்டார். வந்தால் போடோவிலதானே இறங்கவேணும். உனக்கு அவரைத் தெரியாதே.”

இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பத்தொண்டு எண்டு பக்கம் பக்கமாய் இருக்கு. கடைசிப் பக்கத்தைப் பாருங்கோ. யூலை 2023. அப்பவே அவவுக்கு ஏலாது. பலகை 588இல இருந்து 589. இருபத்திரண்டு. பக்கத்தில ஒரு கேள்விக்குறி. “இது சரியெண்டால் தொட்டிட்டுது. வீட்டை போய்க் கணக்கைக் கேட்டிட்டுச் சொல்லுறன்” எண்டா. பிறகு ஆஸ்பத்திரி, அது இது எண்டு நானும் கேக்கேல்லை.

உங்களிட்டைக் கேட்டவவோ?

யோகராணி


அம்மருட்
22.04.2025

அன்பின் யோகராணிக்கு,

கொப்பி கிடைத்தது.

ஒரு கிலோமீற்றரை இருபத்திரண்டு விநாடியில் கடந்தால் மணிக்கு நூற்றறுபத்துமூன்று புள்ளி ஆறு. அந்தப் பாதையில் அந்த வேகத்துக்கு அனுமதி இல்லை. ஆகவே இது பிழையான அளவு. முள்ளைப் பார்த்துவிட்டுப் பலகையைப் பார்த்திருப்பாள், அல்லது பலகையைப் பார்த்துவிட்டு முள்ளை. கண் அறுவைச் சிகிச்சை முடிந்த வருடம் அது.

இவ்வளவையும் கொப்பி வந்த அன்றே எழுதிவிட்டேன். எழுதிவிட்டு ஐந்து நாள் தபாலில் போடவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: கேட்டாள். 2023 ஓகஸ்ட் மாதம். நான் மேசையில் இங்கிலாந்து அத்தியாயத்தைத் திருத்திக்கொண்டிருந்தேன். தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, “ஒரு கிலோமீற்றருக்கு இருபத்திரண்டு செக்கன் எண்டால் மணிக்கு எவ்வளவப்பா வரும்?” என்றாள். நான் தலை நிமிராமல், “நூற்றறுபத்துமூண்டு புள்ளி ஆறு” என்றேன். “அப்ப சரி” என்றாள். கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு குசினிக்குப் போய்விட்டாள். எந்த ரயில் என்று நான் கேட்கவில்லை. அன்று என் காதில் ஒரு குறையும் இருக்கவில்லை, ராணி. ஒவ்வொரு சொல்லும் கேட்டது.

அளக்காமல் ஒன்றைச் சேர்ப்பது சரித்திரம் எழுதுகிறவனுக்குச் சரியல்ல. அளக்காமல் மறுப்பதும் சரியல்ல. இருபத்திரண்டு என்று ஒருவர் எழுதி வைத்திருக்கும்போது அதே இடத்தில் இன்னொருவர் அளந்து பார்க்கவேண்டும். வேறு வழியில்லை. மே 13, துரொண்ட்ஹைமில் இருந்து காலை ரயில். அச்சகத்தாரிடம் கடைசிப் பக்கத்தில் “போடோ ரயில்” என்ற தலைப்பை மட்டும் போட்டு மிச்சத்தை வெறுமையாக விடச் சொல்லிவிட்டேன். புத்தகங்களை என்னோடு கொண்டுவருகிறேன். அளந்ததைக் கையால் எழுதுவேன்.

கோடு நகராது. முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

எந்தப் பக்கத்து ஜன்னலில் இருந்தாள்?

ஸ்ரீஸ்கந்தராசா


போடோ
02.05.2025

அத்தானுக்கு,

போடோவைப் பாத்து இருந்தால் இடப்பக்கம். முன்னுக்குப் பாக்கிற சீற்றில இருங்கோ, பின்னுக்குப் பாத்து இருந்தால் தலை சுத்தும் எண்டு அவ சொல்லுவா. ரயிலில விக்கிற சாப்பாட்டை நம்பாமல் கட்டிக்கொண்டு வாங்கோ. மலையில இன்னும் சினோ கிடக்கு, தடிச்ச யக்கெற் போடுங்கோ.

இவர் மேல் அறைக்குப் பெயின்ற் அடிக்கிறார். என்ன நிறமெண்டு சொல்லமாட்டன். 1933ஆம் ஆண்டு ரயிலின்ரை நிறத்தை உங்கடை புத்தகத்தில தேடிப் பிடிச்சு வாங்கிக்கொண்டு வந்தவர். கீழ்ப்பாதி ஊதா. எனக்குக் கண்ணைக் குத்துது. நீங்கள்தான் அதுக்குள்ள படுக்கப்போறீங்கள்.

நீங்கள் அளந்துபோட்டு “இருபத்தெட்டு, சேர்க்கேலாது” எண்டு வந்தால் நான் திவசத்துக்கு வருவனோ மாட்டனோ எண்டு இப்ப சொல்லமாட்டன். முதல்ல வந்து இறங்குங்கோ.

ராணி


போடோ ரயிலில்
13.05.2025

ராணி,

இதைத் தபாலில் போட்டால் ஆறு நாள். ஆகையால் கையில் தருவேன். நேரே சொல்ல எனக்கு வராது. அதனால் எழுதுகிறேன்.

இடப்பக்கம், முன்னுக்குப் பார்க்கும் இருக்கை. காலையில் இருந்து பயிற்சிக்காக அளந்துகொண்டு வந்தேன். முப்பத்திரண்டு, இருபத்தொன்பது, நாற்பது. அவளுடைய கொப்பியை மடியில் விரித்து வைத்து ஒப்பிட்டேன். பெரும்பாலும் ஒரு விநாடிக்கு மேல் வித்தியாசம் இல்லை. முள்ளைப் பார்த்து எண்ணியவளுக்கு இது பெரிய திறமை. என் கையில் இருப்பது விளையாட்டுப் போட்டிக்கு வைக்கும் நிறுத்தற் கடிகாரம்.

துருவ வட்டம் தாண்டியதும் எழுந்து நின்றேன். இரண்டு பக்கமும் வெள்ளை. மரமில்லை. பலகைகள் இடுப்பளவு பனிக்குள் நின்றன. யூலையில் வந்த அவள் இதைக் கண்டிருக்கமாட்டாள் என்று நினைத்தேன். பிறகு, யூலையில் இருந்ததையும் அவள் கண்டிருக்கமாட்டாள் என்று நினைத்தேன். பதினைந்து வருடம் இந்த ஜன்னலில் இருந்து எனக்காகப் பலகையை மட்டும் பார்த்துக்கொண்டு போயிருக்கிறாள்.

588 வந்தது. கடிகாரத்தை அழுத்தினேன்.

589 வந்தது. பலகையைத் தெளிவாகக் கண்டேன். பெருவிரல் பொத்தானில்தான் இருந்தது. அழுத்தவில்லை.

அழுத்தவில்லை, அவ்வளவுதான். கடிகாரம் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு மணித்தியாலம் ஐம்பத்திரண்டு நிமிடம் காட்டுகிறது. ஆகவே என்னுடைய அளவீடு முடியவில்லை. அது முடியும்வரை இருபத்திரண்டை மறுக்க எனக்கு உரிமை இல்லை. இருக்கிற அளவு ஒன்றே ஒன்றுதான். அதை எழுதியவரின் பெயரோடு போடவேண்டும். எந்தச் சரித்திரத்திலும் அதுதான் முறை. கோடு நூற்றறுபதில்தான் நிற்கிறது. நகர்த்தவில்லை.

கடைசிப் பக்கத்தில் கையால் எழுதத் தொடங்கிவிட்டேன்: “போடோ ரயில். பலகை 588 – 589. இருபத்திரண்டு விநாடி. அளந்தவர்: சிவநாயகி ஸ்ரீஸ்கந்தராசா, யூலை 2023.” கேள்விக்குறியைச் சேர்க்கவில்லை. நூற்றிருபது புத்தகத்தில் பதினெட்டு முடிந்தது. வண்டி ஆடுவதால் எழுத்துக் கோணுகிறது.

18ஆம் திகதி திரும்பிப் போவதற்கு மூன்று இருக்கை பதிந்திருக்கிறேன். மூன்றும் ஜன்னலோரம், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று. யாராவது ஒருவர் ஒழுங்காக அளக்கட்டும். முடியாவிட்டால் யூலையில் திரும்ப வரவேண்டியிருக்கும். ஒவ்வொரு யூலையும் என்றாலும் வரத்தான் வேண்டும்.

ஃபௌஸ்கே ஸ்டேஷனைத் தாண்டிவிட்டோம். இடப்பக்கம் கடல் தெரிகிறது. பார்த்துக்கொண்டு வருகிறேன்.

மிச்சம் நூற்றிரண்டு புத்தகம். வரதராசாவின் கையெழுத்து அச்சுமாதிரி இருக்கும் என்று நாயகி சொல்வாள். நல்ல பேனை ஒன்றோடு ஸ்டேஷனுக்கு வரச் சொல்லியிருக்கவேண்டும். இந்தக் கடிதத்தை நீ வாசிக்கும்போது அவர் உனக்குப் பக்கத்தில்தான் நிற்பார். இப்போது சொல்.

அத்தான்